தோசைக் கியூவில் முப்பது வருடப் பத்திரம்

"வாங்கிறதோ, விடுகிறதோ? ஒரு சொல்லிலை சொல்லும் தம்பி."

சபாரத்தினம் அங்கிள் இப்படிக் குறுக்கே வந்து நின்றபோது விக்னராஜாவின் ஒரு கையில் மசாலா தோசை, மறு கையில் சாம்பார்க் கோப்பை. கடல் கடந்து வந்த தமிழர்கள் கூடும் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் ஞாயிறு மத்தியானப் பூசை முடிந்து, கன்ரீன் வாசலில் முப்பது நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு விக்னராஜாவின் வாயைப் பார்த்தார்கள். வாய்க்குள் தோசை இருந்தது பெரிய வசதியாகப் போயிற்று. மென்று முடிக்கும்வரை யோசிக்கலாம்.

யோசிக்கத்தான் மண்டைக்குள் ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் இதே வரிசையில் யாரோ ஒருவர், "தம்பி எங்கை வேலை?" என்று கேட்டிருந்தார். "சிற்றியிலை. அமெரிக்கன் பொண்ட் வாங்கி விக்கிற ஒரு கொம்பனியிலை" என்று விக்னராஜா சொன்னார். அது பொய்யில்லை. அமெரிக்க அரசாங்கம் கடன் வாங்கும்போது எழுதிக் கொடுக்கிற பத்திரங்களை, ஓய்வூதியப் பணத்தைக் கொண்டு வாங்கி விற்பதுதான் அந்தக் கொம்பனியின் தொழில். அங்கே விக்னராஜாவின் தொழில், பாஸ்வேர்டை மறந்தவர்களுக்குப் புது பாஸ்வேர்ட் கொடுப்பதும், மவுசுக்கு பற்றரி மாற்றுவதும். அதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது மரியாதை இல்லை என்று அவரும் இருந்துவிட்டார்.

"வட்டி ஏறினால் பத்திரத்தின் விலை இறங்கும். வட்டி இறங்கினால் விலை ஏறும்." கொம்பனிக் குசினியில் மைக்ரோவேவுக்கு மேலே ஒட்டியிருந்த படத்தில் இதைப் படித்திருந்தார். சாப்பாடு சூடாகும் இரண்டு நிமிடத்தில் கற்ற கல்வி. இதைக் கோயிலில் குரலைத் தாழ்த்தி, கண்ணை இடுக்கிக்கொண்டு சொல்லிச் சொல்லியே இரண்டு வருடமாக நிபுணராக உலாவினார். மேற்கொண்டு யாராவது கேட்டால், "கவனமாயிருக்க வேணும்" என்பார். உலகத்தில் எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில்.

சபாரத்தினம் அங்கிளுக்கு அந்தப் பதில் போதாது. அவருக்கு எழுபத்து நாலு வயது. டூங்காபியில் இருந்த வீட்டை விற்று, கடனெல்லாம் கட்டி, நாலு லட்சம் டொலரை வங்கியில் வைத்திருந்தார். முதியோர் குடியிருப்பு ஒன்றில் கீழ்மாடி வீடு பார்த்தாயிற்று. விலை சரியாக நாலு லட்சம். கட்டுவதற்கு இன்னும் நாலு கிழமை இருந்தது. பவளராணி அன்ரிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டதால் கீழ்மாடிதான் வேண்டும். மேல்மாடி மலிவு, ஆனால் இருபத்திரண்டு படி.

"நாலு கிழமை காசு சும்மா தூங்குது தம்பி. அமெரிக்காக்காரன்ரை முப்பது வருசப் பத்திரம் அஞ்சு வீத வட்டியைத் தொட்டு நிக்குதாம். போட்டு எடுத்தா ஒரு புது ஃபிரிட்ஜ் வரும். என்ன சொல்லுறீர்?"

விக்னராஜாவின் தோசை முடிந்துவிட்டது. வரிசை காத்திருந்தது. அவருக்குப் பின்னால், கைப்பிடியில் மஞ்சள் துணி சுற்றிய எவர்சில்வர் அடுக்குக் கேரியரோடு நின்ற சென்னை அம்மா ஒருவரும்கூடக் கழுத்தை நீட்டினார்.

அப்போதுதான் அவருக்கு லக்ஷ்மிப்ரியா ஞாபகம் வந்தாள். கொம்பனியில் பத்திரங்களை வாங்கி விற்கும் மேசைக்குத் தலைவி, சென்னைப் பெண், மகா கெட்டிக்காரி. போன வெள்ளிக்கிழமை அவளுடைய மேசைக்குக் கீழே படுத்து வயர் மாற்றிக்கொண்டிருந்தபோது, நீண்ட காலப் பத்திரங்களை அள்ளி வாங்கு என்று அவள் தொலைபேசியில் சொன்னது காதில் விழுந்திருந்தது.

"வாங்குங்கோ" என்றார் விக்னராஜா.

சொன்ன குரல் அவருக்கே பிடித்திருந்தது. கன்ரீன் யோகா அக்கா அன்றைக்கு வடைக்குக் காசு வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை லக்ஷ்மிப்ரியாவின் திரை ஒன்று இருண்டுவிட்டது. விக்னராஜா வழக்கம்போல மேசைக்குக் கீழே போனார். அங்கே இருந்த எவர்சில்வர் கேரியர் ஒன்று தலையில் இடித்தது. தலையைத் தடவிக்கொண்டு வயரைப் பிடித்தபோது மேலே அவள் குரல் கேட்டது. நீண்ட காலப் பத்திரம் ஒன்றுகூட மிச்சம் வைக்கவேண்டாம், மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் விற்றுத் தள்ளு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

விக்னராஜா வயரை அப்படியே விட்டார். படிக்கட்டுக்கு ஓடிப்போய் அங்கிளுக்கு ஃபோன் எடுத்தார்.

"அங்கிள், அந்த விசயம்... அவசரப்பட வேண்டாம்."

"அவசரம் என்ன அவசரம்? காலமை பத்து மணிக்கே வாங்கியாச்சு! மகன் லதீஸ் என்ரை ஃபோனிலை ஒரு அப் போட்டுத் தந்தவன். அமெரிக்கப் பத்திரத்தையெல்லாம் ஒண்டாக் கட்டி இஞ்சத்தைப் பங்குச் சந்தையிலை விக்கினமாம். நாலு லட்சத்துக்கும் ஒரே அமத்து."

"நாலு லட்சத்துக்குமோ?"

"நீர் சொன்னாப் பிறகும் பாதிக்கு வாங்கினா உமக்கு மரியாதையோ?"

அந்தக் கிழமை அமெரிக்காவில் வட்டி ஏறியது, பத்திரத்தின் விலை இறங்கியது. மைக்ரோவேவ் படம் சொன்னது அச்சொட்டாக நடந்தது. விக்னராஜா நார்த்மீட் வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி இருப்பதைப் பார்த்து மனைவி நிரஞ்சினி கேட்டாள்.

"என்ன, முகம் பேயறைஞ்ச மாதிரி?"

"அமெரிக்காவிலை வட்டி ஏறிப்போச்சு."

"எங்கடை வீட்டுக் கடனுக்கோ?"

"இல்லை. சபாரத்தினம் அங்கிளுக்கு."

நிரஞ்சினி முழுக் கதையையும் கறந்தெடுக்க ஐந்து நிமிடம் எடுத்தது. வயோதிபர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறவள், வாய் திறக்காதவர்களிடம் கதை வாங்கிப் பழகியவள். கேட்டு முடித்ததும் ஒன்றே ஒன்று சொன்னாள். "கோயிலிலை உண்மையைச் சொல்லிப்போடுங்கோ. அந்த மனுசி படியேற மாட்டா."

சொல்லத்தான் நினைத்துக்கொண்டு போனார். ஆனால் அடுத்த ஞாயிறு வரிசை ஐம்பது பேருக்கு நீண்டிருந்தது. அவருக்கென்று யோகா அக்கா ஒரு கதிரை போட்டிருந்தா. ஆளுக்கொரு கொப்பியும் பேனையுமாக இரண்டு பேர் நின்றார்கள். கதிரையில் இருந்துகொண்டு, நான் மவுசுக்கு பற்றரி மாற்றுகிறவன் என்று எப்படிச் சொல்வது? கதிரையைப் போடாமல் விட்டிருந்தால் சொல்லியிருப்பார், சத்தியமாக.

"வில்லுங்கோ" என்றார். "நிலைமை மாறிப்போச்சு. லோங் எண்ட் சரியில்லை."

லோங் எண்ட் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. லக்ஷ்மிப்ரியா அடிக்கடி சொல்வாள்.

திங்கள் காலை சந்தை திறந்ததும் அங்கிள் விற்றார். ஏழாயிரம் டொலர் போயிற்று. அதே திங்கட்கிழமை மத்தியானம் லக்ஷ்மிப்ரியா நீண்ட காலப் பத்திரங்களை மறுபடி வாங்கிக் குவித்தாள். அந்தக் கிழமை விலை ஏறியது.

"இவளுக்கு என்ன விசரோ?" என்று விக்னராஜா லிஃப்டுக்குள் தனியாக நின்று புலம்பினார். போன திங்கள் விற்றாள், இந்தத் திங்கள் வாங்குகிறாள். சாறி எடுக்கிறவர்கள்கூட ஒரு கடையில் இவ்வளவு மாற்றி மாற்றி யோசிப்பதில்லை. ஆனால் அவள் செய்ததெல்லாம் சரியாக வந்ததுதான் வயிற்றெரிச்சல். அவள் வாங்கினால் ஏறியது, விற்றால் இறங்கியது. அதையே இவர் பிந்திச் சொன்னபோது எல்லாம் தலைகீழாய்ப் போயிற்று.

இனி வாங்கு, வில் என்ற இரண்டு சொல்லும் தன் வாயில் வராது என்று மூன்றாவது ஞாயிறுக்கு முன் முடிவெடுத்தார். அங்கிளைச் சும்மா இருக்க வைக்கவேண்டும். அதற்கு ஒரு காரணம் தேவை. காரணம் தேநீர் குடிக்கும் இடத்தில் கிடைத்தது. சட்டதிட்டங்களைப் பார்க்கும் நரேன் அங்கே யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தான். அமெரிக்க அரசாங்கப் பத்திரங்களை இனி ஆளுக்கு ஆள் நேரடியாகக் கைமாற்ற முடியாதாம். பெரிய வியாபாரமெல்லாம் நடுவில் நின்று இரண்டு பக்கக் கணக்கையும் தீர்த்துவைக்கும் ஒரு நிலையத்தின் ஊடாகத்தான் போகவேண்டும் என்று விதி வருகிறதாம், தவணையை ஒரு வருடம் தள்ளிப்போட்டிருக்கிறார்களாம்.

அருமையான சாமான், ஒருவருக்கும் விளங்காது என்று விக்னராஜா துள்ளிக் குதிக்காத குறை.

ஞாயிற்றுக்கிழமை கதிரையில் இருந்து தொண்டையைச் செருமினார். "இப்ப வாங்கிறதுமில்லை, விக்கிறதுமில்லை. பொறுத்திருக்க வேணும். அமெரிக்காவிலை சட்டம் மாறுது."

"என்ன சட்டம் தம்பி?"

"முந்தி ஆளுக்கு ஆள் நேரே குடுக்கல் வாங்கல். இனி நடுவிலை ஒரு இடம் வருது. அதுக்குள்ளாலைதான் போகவேணும்."

"விளங்கேல்லை."

விளங்காமல் விட்டிருக்கலாம். ஆனால் கதிரையில் இருக்கிற மனிதனுக்கு விளங்கப்படுத்தாமல் இருக்க முடியுமா? "இஞ்சை பாருங்கோ, கோயிலிலை அர்ச்சனைக்கு முந்தி ஐயரின்ரை தட்டிலை நேரே காசு போட்டனாங்கள். இப்ப கவுண்டரிலை சீட்டு எடுத்துக்கொண்டுதான் போறம். அதுதான். அமெரிக்காக்காரன் கவுண்டர் திறக்கப் போறான்."

"ஓ!" என்றது முழு வரிசையும். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் சொன்னது எல்லோருக்கும் விளங்கியது. பெருமையில் நெஞ்சு நிறைந்தது. கேரியர் அம்மா மட்டும், "சார், அந்தக் கவுண்டர் எந்த மாசம் திறக்கறாங்க?" என்று கேட்டார். "இன்னும் காலமிருக்கு அம்மா" என்றார் விக்னராஜா பெருந்தன்மையாக.

செவ்வாய்க்கிழமை அங்கிளிடமிருந்து ஃபோன் வந்தது.

"தம்பி, நீர் வெளிப்படையாச் சொல்லாட்டிலும் நான் பிடிச்சிட்டன். எல்லாத்தையும் போட்டு நேற்றே திரும்ப வாங்கிப்போட்டன்."

"ஐயோ, ஏன் அங்கிள்? பொறுக்கச் சொன்னனானெல்லோ!"

"கவுண்டர் திறந்தா கியூ வராதோ? சஷ்டியண்டைக்கு அர்ச்சனைக் கவுண்டரிலை ரெண்டு மணித்தியாலம் நிண்டவன் நான். கியூ வரமுதல் வாங்கவேணும் எண்டுதானே சாடையாச் சொன்னனீர்? ஞாயிறு தோசைக் கியூவிலை நிண்ட முக்காவாசிச் சனமும் ஃபோனை எடுத்து வாங்கத் தொடங்கிட்டுது. நான்தான் கடைசி."

லக்ஷ்மிப்ரியா அந்தத் திங்கள் என்ன செய்திருப்பாள் என்று விக்னராஜா போய்ப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. இருந்தாலும் போய்ப் பார்த்தார். எல்லாவற்றையும் விற்றிருந்தாள்.

அந்தக் கிழமை இன்னும் ஒன்பதாயிரம் போயிற்று. மொத்தம் பதினாறாயிரம். கீழ்மாடி வீடு கைநழுவிக்கொண்டிருந்தது. அங்கிள் குரலில் ஒரு கோபமும் இல்லை. "பரவாயில்லைத் தம்பி, நீர் இருக்கிறீர்தானே, பிடிச்சிடலாம்" என்றார். அவர் திட்டியிருந்தால் விக்னராஜாவுக்கு நித்திரையாவது வந்திருக்கும்.

சனிக்கிழமை காலை அவர் நிரஞ்சினிக்கு முன்னால் போய் நின்றார். "நான் ஒரு மடையன்."

"அது பழைய செய்தி. புதுசா என்ன?"

சொன்னார். அவள் கையிலிருந்த உடுப்பை மடித்து வைத்தாள். பிறகு, "மார்கழியிலை யாழ்ப்பாணம் போகச் சேர்த்ததிலை பதினாறாயிரத்துச் சொச்சம் கிடக்கு. தேவைப்பட்டா அதை எடுத்துக் குடுங்கோ" என்றாள். "அம்மாவுக்கு நான் சொல்லுறன், இந்த வருசமும் இல்லையெண்டு."

நாலு வருடமாகத் தாயைப் பார்க்காதவள். ஓர் ஆளின் வாய்ப் பெருமைக்கு வீட்டிலே கொடுக்கிற விலை இது என்று நினைத்தபோது, விக்னராஜாவுக்குத் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கதிரையில் இருக்கவில்லை. அதைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். வரிசை எழுபது பேர்.

"எல்லாரும் கேளுங்கோ. நான் நிபுணருமில்லை, ஒண்டுமில்லை. அங்கை நான் கொம்பியூட்டர் திருத்திறவன். பாஸ்வேர்ட் மறந்தா மாத்திக் குடுப்பன். பொண்டைப் பற்றி எனக்கு ஒண்டுமே தெரியாது. இனி என்னட்டைக் கேக்காதேங்கோ."

சபாரத்தினம் அங்கிள் கை தட்டினார்.

"பாத்தியளே! இவ்வளவு படிச்சும் என்ன அடக்கம்!"

"அடக்கமில்லை அண்ணை" என்றார் வரிசையில் நின்ற ஒருவர். "கொம்பனி வாயைக் கட்டிப்போட்டுது. இப்ப எல்லாத்துக்கும் சட்டம். வெளியாலை கதைச்சா வேலை போயிடும்."

"பாவம்" என்று யோகா அக்கா இன்னொரு வடையை வைத்தா. கேரியர் அம்மா மட்டும் திகைத்துப்போய் நின்றார். "ஒண்ணுமே தெரியாதா சார்?" என்று இரண்டு தரம் கேட்டார். "ஒண்டும் தெரியாது அம்மா" என்றார் விக்னராஜா இரண்டு தரமும். அந்த அம்மா ஒருவராவது நம்பினாரே என்று மனதுக்குள் கும்பிட்டார்.

உண்மையும் கைகொடுக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. அங்கிள் காசு கட்டவேண்டிய நாளுக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. திங்களே விற்பதா, வியாழன்வரை விட்டுப் பார்ப்பதா? விலை ஏறினால் நிரஞ்சினி தாயைப் பார்ப்பாள். இறங்கினால் யாழ்ப்பாணக் காசும் போதாது. இதை லக்ஷ்மிப்ரியாவிடமே, மேசைக்குக் கீழே படுத்தல்ல, மேலே நின்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று திங்கட்கிழமை காலை போனார்.

அவள் ஐந்து திரைக்கு நடுவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒன்றையும் தொடவில்லை.

"ஸ்கிரீன் நல்லாத்தான் இருக்கு அண்ணா. நான் கூப்பிடலையே."

"தெரியும் தங்கச்சி. ஒரு உதவி." விக்னராஜா ஒரே மூச்சில் கொட்டினார். மேசையடியில் படுத்துக் கேட்டதையும், கேட்டதைப் போய் ஒரு வயதான மனிதருக்குச் சொன்னதையும், கீழ்மாடி வீட்டையும், பதினாறாயிரத்தையும் சொன்னார். எந்த இடத்தில் சொன்னார் என்பதை மட்டும் வெட்கத்தில் விழுங்கிவிட்டார். "மூண்டு கிழமையா நீங்கள் செய்ததெல்லாம் சரியா வந்தது. இந்த ஒருக்கா மட்டும் சொல்லுங்கோ. ஏறுமோ, இறங்குமோ?"

அவள் கோபப்படவில்லை. ஒரு பெருமூச்சு விட்டாள்.

"நாலு வாரத்துல வேணும்கிற பணத்தை எதுக்கு அண்ணா முப்பது வருஷப் பத்திரத்துல போட்டார்? முதல்ல எடுத்து பேங்க்ல போடச் சொல்லுங்க. ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி."

அந்த இடத்திலேயே விக்னராஜா அங்கிளுக்குச் செய்தி அனுப்பினார். உடனே பதில் வந்தது. "ஓம் தம்பி. விக்கிறன்." பதினாறாயிரமும், யாழ்ப்பாணமும், நிரஞ்சினியின் தாயும் போனது போனதுதான். கீழ்மாடியாவது மிஞ்சும். மனது கனத்தாலும் மூச்சு வந்தது.

"தாங்க்ஸ் தங்கச்சி. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்தானே? ஏறுமோ இறங்குமோ எண்டு?"

"எனக்கா? இந்த வாரம் எனக்கு ஒண்ணுமே தெரியல அண்ணா. கையும் ஓடல, காலும் ஓடல. சிக்னலே நின்னு போச்சு." அவள் குனிந்து மேசைக்குக் கீழிருந்து எவர்சில்வர் அடுக்குக் கேரியரை எடுத்து மேலே வைத்தாள். கைப்பிடியில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. மேல்தட்டைத் திறந்து ஒரு வடையை நீட்டினாள். விக்னராஜா அதை வாங்கி, வாயருகே கொண்டுபோய், அப்படியே நின்றார்.

"சிரிக்காதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்க மாமியார் ஞாயித்துக்கிழமை போற கோயில்ல, தோசை க்யூல ஒரு பாண்ட் நிபுணர் உக்காந்திருப்பாராம். தோசை க்யூ வரைக்கும் வந்த ஐடியா பழசுதானே, அதனால அவர் பேச்சைக் கேட்டு க்யூ என்ன செய்யுதோ, திங்கட்கிழமை நான் அதுக்கு நேர் எதிரா செஞ்சிடுவேன், மூணு வாரமா ஒரு தடவை கூட தப்பல. நேத்து அந்த மனுஷன் தனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எழுந்து நின்னு சொல்லிட்டாராம் அண்ணா, இப்ப நான் எதுக்கு எதிரா செய்யறது?"